பில் அக்கா பொறுத்திருந்த கதை

என் வீட்டுக்காரரின் அக்காவுக்கு, அதாவது என் நாத்தனாருக்கு, கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். கல்யாணமாகி வந்த புதிதில் இது தெரியாமல், மனுஷி எவ்வளவு சாந்தம் என்று என் அம்மாவிடம் போனில் புகழ்ந்துகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "அக்கா மெதுவா பேச ஆரம்பிச்சா, அந்தப் பக்கமே போகாத" என்றார். பஸ் ஓட்டுகிறவர். ஆபத்தைத் தூரத்திலேயே பார்க்கத் தெரிந்தவர்.

அண்ணி என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்களோடுதான் இருக்கிறார். பல்கலைக்கழக வளாகத்துக்குள் கத்தோலிக்க மாணவர்களுக்கென்று ஒரு சின்னக் கோவிலும், அதை ஒட்டி ஒரு கூடமும், இரண்டு அலுவலக அறைகளும் உண்டு. மாணவர் பணியகம் என்று பெயர். பூசை வைக்கவும் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லவும் ஒரு ஃபாதர். மற்றபடி அங்கே வருகிற காசு, போகிற காசு, தியான முகாமுக்குப் பிள்ளைகள் கட்டுகிற பணம், பழைய மாணவர்கள் அனுப்பும் நன்கொடை, மின்சாரக் கட்டணம் எல்லாம் அண்ணி கையில்தான்.

அந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு. எதற்கென்று சொல்லிக் கொடுத்தார்களோ அதற்குத்தான் அந்தப் பணம். பூவுக்குக் கொடுத்த காசில் பல்பு வாங்க முடியாது. ஒருமுறை பீடத்துக்கு மேலே விளக்கு போய்விட்டது. "அக்கா, பூக்கணக்குல நிறைய கிடக்கே, அதுல ஒரு பல்பு..." என்று ஃபாதர் இழுத்தார். "பூவுக்குக் குடுத்தவங்க பூவுக்குத்தான் குடுத்திருக்காங்க ஃபாதர். ஒரு வாரம் இருட்டுலயே பூ வைங்க" என்றாராம் அண்ணி. அந்த ஞாயிறு ஃபாதர் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பூசை வைத்தார். ரொம்ப பக்தியாக இருந்ததென்று பிள்ளைகள் பாராட்டினார்கள்.

பிள்ளைகள் வைத்த பெயர்தான் பில் அக்கா. முகாமுக்குப் பன் வாங்கி வந்தாலும் பில், கயிறு வாங்கி வந்தாலும் பில். பில் இல்லையென்றால் பணம் இல்லை. மோட்சத்துக்குப் போனால், வாசல் சாவி வைத்திருக்கும் இராயப்பரிடமே அந்தச் சாவி வாங்கியதற்கு பில் கேட்பார் என்று பிள்ளைகள் மேடையில் நடித்துக் காட்டினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து அண்ணி கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்தப் பெயர்மீது அவருக்கு அவ்வளவு ஆசை. வீட்டுக்கு வந்து, "பிள்ளைங்க என்னைப் பத்தி என்ன நினைக்குதுங்க பாரு" என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

அந்தப் பெயரைத்தான் டைல்ஸ் ஐயா பறித்தார்.

டைல்ஸ் ஐயா நிதிக்குழுத் தலைவர். ஊரில் பெரிய டைல்ஸ் கடை அவருடையது. கோவில் தரைக்குக் கல் பதித்துக் கொடுத்தவர். அதை நாம் மறந்துவிடக் கூடாதென்று கூட்டத்துக்குக் கூட்டம் நினைவுபடுத்துவார். அவர் தரையில் நடக்கிறோமே என்று எனக்கே கால் கூசும். பூசைக்கு எப்போதும் பிந்தித்தான் வருவார். காணிக்கைத் தட்டு சுற்றி முடிந்தபிறகு பின்வாசல் வழியாக நுழைந்து, சுவரில் தொங்கும் உண்டியலில் தன் கவரைப் போடுவார். கடைப்பெயரைத் தங்க எழுத்தில் அச்சடித்த தடித்த கவர். வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்பார்கள். இவர் கவர் தெருமுனையிலிருந்தே தெரியும்.

காணிக்கை எண்ணுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. உறவில்லாத இரண்டு பேர் சேர்ந்து எண்ண வேண்டும், இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு ஞாயிறு அண்ணியோடு எண்ண வேண்டிய நூலகக்காரம்மா காய்ச்சலில் படுத்துவிட்டார். அண்ணி காசுப்பையைக் கட்டி அலமாரியில் வைக்கத்தான் போனார். ஃபாதருக்கு மறுநாள் காலையிலேயே வங்கியில் கட்டியாக வேண்டும். "நீங்களே எண்ணிடுங்கக்கா. உங்களை நம்பாம வேற யாரை நம்பப் போறோம்?" என்றார். அண்ணி தனியாக எண்ணினார். அத்தனை வருஷத்தில் அந்த ஒரு தடவைதான் தன் சட்டத்தைத் தானே மீறினார்.

அடுத்த கூட்டத்தில் டைல்ஸ் ஐயா தொண்டையைச் செருமினார். மாணவர் அவசர நிதிக்கென்று அந்த ஞாயிறு ஒரு பெரிய தொகை போட்டாராம், ரசீது வரவில்லையாம். ஒரு பிள்ளையின் முழுப் பருவக் கட்டணம் அளவுக்கான தொகை. அண்ணி கணக்கைக் காட்டினார். அப்படி ஒரு கவர் வரவில்லை.

"நீங்க எங்க போட்டீங்க ஐயா?"

"எங்க போடுவாங்க? பின்வாசல் உண்டியல்லதான். அன்னிக்கு எண்ணினது யாரு?"

"நான்தான்."

"கூட?"

அண்ணி ஃபாதரைப் பார்த்தார். தனியாக எண்ணச் சொன்ன ஃபாதர் மேசைமேல் இருந்த பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

"காசு பெரிசில்லம்மா, நம்பிக்கைதான் பெரிசு" என்றார் டைல்ஸ் ஐயா. "போலீஸெல்லாம் வேண்டாம். நாம வேதக்காரங்க, மன்னிச்சிடுவோம். மாசாமாசம் சம்பளத்துல கொஞ்சம் கொஞ்சமா புடிச்சு அவசர நிதியில சேத்திடலாம். இனிமே நீங்க எழுதற வேலைய மட்டும் பாருங்க, காசைத் தொட வேண்டாம்." திருடி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இல்லையென்றாவது மறுத்திருக்கலாம். மன்னித்துவிட்டவனிடம் என்னவென்று மறுப்பது?

அன்று சாயங்காலம் அண்ணி இதையெல்லாம் எங்களிடம் சொன்னபோது குரல் அவ்வளவு தாழ்ந்திருந்தது, ஃபேனை நிறுத்திவிட்டுக் கேட்டோம். அந்த ஆள் பதித்த கல்லெல்லாம் பெயர்ந்து அவர் காலிலேயே விழ வேண்டும் என்று வாய்விட்டுச் சாபம் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்தார். பிறகு, "அக்கா, நீ எடுக்கலதானே?" என்று கேட்டார்.

அண்ணி எழுந்து கை கழுவப் போய்விட்டார். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. இவர் என்னைப் பார்த்து, "சும்மாதானே கேட்டேன்" என்றார். அன்றைக்கு நான் இவரிடம் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

கூட்டத்தில் பேசியது கூட்டத்தோடு நிற்குமா? ஒரு வாரத்தில் கூடம் முழுக்கப் பரவிவிட்டது. பிள்ளைகள் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பில் அக்கா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். ஒருநாள் அண்ணி மாடிப்படி இறங்கும்போது கீழே யாரோ ஒரு பையன், "கவர் அக்கா வராங்கடா" என்றான். இதை அண்ணி என்னிடம் சொன்னது மாதங்கள் கழித்துத்தான்.

வேலையை விட்டுவிடச் சொன்னேன். "விட்டா எடுத்தது நான்தான்னு ஆயிடும்" என்றார். கேஸ் போடலாம் என்றேன். மறுநாளுக்குப் புடவையை எடுத்து இஸ்திரி போட்டார். நாள் தவறாமல் போனார். பிடித்தம் போக மிச்சச் சம்பளத்தை வாங்கினார். கூட்டத்தில் டைல்ஸ் ஐயாவுக்கு முதலில் நாற்காலியை இழுத்துப் போட்டார். அண்ணி காசைத் தொடக்கூடாதென்று எண்ணுகிற அறைக்குக் கண்ணாடித் தடுப்பு போட்டார்கள். அந்தத் தடுப்புக்கான பில்லையும் வாங்கிச் சரிபார்த்து அண்ணிதான் பதிந்தார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "உங்களுக்குச் சூடு சொரணையே கிடையாதா அண்ணி?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"இருக்கு. பத்திரமா வச்சிருக்கேன்" என்றார், மெதுவாக.

பின்வாசல் சுவரில் உண்டியலுக்குப் பக்கத்தில் அதே மரத்தில், அதே அளவில் இன்னொரு பெட்டி தொங்கும். அது விண்ணப்பப் பெட்டி. தேறாத பாடம், படுத்துக் கிடக்கும் அப்பா, பேசாமல் போன காதலி என்று பிள்ளைகள் தங்கள் கஷ்டத்தைச் சீட்டில் எழுதிப் போடுவார்கள். முன்பு ஒரு கோவில்காரர் அதைத் திறந்து படித்து ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அதிலிருந்து மூடியைத் திருகாணி போட்டு முடுக்கிவிட்டார்கள். கல்வியாண்டு முடிந்து பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பும்முன், கடைசி ஞாயிறு மாலையில்தான் திறப்பார்கள். படிக்காமல் அப்படியே நெருப்பில் கொட்டுவார்கள். கடவுள் புகையைப் படித்துக்கொள்வார் என்று நம்பிக்கை. கொட்டுவது வழக்கமாக டைல்ஸ் ஐயா.

அந்த வருஷம் ஃபாதர் அதைப் பிள்ளைகளில் ஒருவருக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தார். அண்ணிதான் விடவில்லையாம். "வழக்கத்தை மாத்தாதீங்க ஃபாதர். ஐயாதான் கொட்டணும். அவருக்குன்னு ஒரு மரியாதை இருக்குல்ல?" என்றாராம்.

"அந்த ஆளுக்கு எதுக்கு மரியாதை?" என்று நான் கத்தினேன்.

"நீயும் வா. பாக்க நல்லா இருக்கும்" என்றார்.

போனேன். கோவில் முற்றத்தில் ஓர் இரும்புப் பீப்பாய். அதில் விறகு நன்றாகப் பற்றியிருந்தது. பக்கத்தில் வாளி நிறையத் தண்ணீரோடு அண்ணி. நெருப்பு மூட்டினால் பக்கத்தில் தண்ணீர் இருக்க வேண்டும் என்பது வளாகத்தின் விதி. அந்த விதியைக் காப்பாற்றுவது எப்போதும் அண்ணியின் பொறுப்பு. பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு சுற்றி நின்றார்கள். டைல்ஸ் ஐயா புதுச் சட்டையில் முன்னால் வந்தார். நாம் சுமக்கிற பாரங்களைப் பற்றி ஒரு சின்னப் பிரசங்கம் செய்தார். பிறகு மூடி கழற்றிய பெட்டியை இரண்டு கையாலும் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்தார்.

முதலில் சீட்டுகள் கொத்தாக விழுந்தன. அப்புறம் சலசலவென்று சில்லறை விழுந்தது. பாட்டு நின்றது. விண்ணப்பப் பெட்டியில் ஏது சில்லறை? அவர் பெட்டியின் அடியில் ஒரு தட்டுத் தட்டினார். அடியில் எத்தனையோ மாதமாக ஒட்டிக் கிடந்தது பொத்தென்று வந்து எல்லாவற்றுக்கும் மேலே விழுந்தது. தங்க எழுத்துப் போட்ட தடித்த கவர்.

"சார், உங்க கடைக் கவர்!" என்று ஒரு பெண்பிள்ளை கூவினாள்.

கவரின் ஓரம் சுருண்டு பிரிந்தது. உள்ளே நோட்டுகள். எல்லாரும் பார்த்தோம். டைல்ஸ் ஐயா பீப்பாய்க்குள் கையை விட்டார், ஐயோ என்று எடுத்தார், மறுபடி விட்டார். சட்டைக்கை பொசுங்கியது. "தண்ணி! அக்கா, தண்ணி!" என்று ஃபாதர் அலறினார்.

அண்ணி குனிந்தார். வாளியைத் தொட்டார். பிறகு ஏதோ நினைவு வந்ததுபோல நிமிர்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அதைத் துடைத்து உறையில் போட்டு, உறையைக் கைப்பையில் போட்டு, பையின் ஜிப்பை இழுத்து மூடினார். அப்புறம்தான் வாளியைத் தூக்கினார். அவர் ஊற்றியபோது நோட்டெல்லாம் கறுப்பாகிவிட்டிருந்தது. பாதித் தண்ணீர் நெருப்பில் விழுந்தது. மீதி டைல்ஸ் ஐயாவின் காலணியில். எனக்கு வயிறு குளிர்ந்தது, பொய் சொல்லமாட்டேன்.

ஃபாதர்தான் முதலில் நெற்றியில் அடித்துக்கொண்டார். "பெயிண்டர்! ஐயா கவர் போட்ட வாரம்தான் சுவருக்குப் பெயிண்ட் அடிச்சோம். கழட்டின பெட்டிய மாத்தி மாட்டியிருக்கான்!" எந்தப் பெட்டி எது என்று எழுதிய பலகையையும் பெயிண்டர் கழற்றி வைத்திருந்தார். டைல்ஸ் ஐயா பிந்தி வந்த அவசரத்தில், கை பழகிய இடத்தில் கவரைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். பிள்ளைகள் எல்லாரும் அண்ணி பக்கம் திரும்பினார்கள். அண்ணி காலி வாளியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார்.

அதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தீர்களா? மறுநாளே ஃபாதர் வீட்டுக்கு வந்து, பிடித்த சம்பளத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். தானும் வாய் மூடி இருந்தது தப்புதான் என்று கண்கலங்கினார். அண்ணி அவருக்குக் காப்பி கொடுத்தார். "பணத்தைக் குடுங்க, வாங்கிக்கறேன். ஆனா நீங்கல்லாம் ஒரு ரூம்ல வச்சுச் சொன்னது ஊர் முழுக்கப் போயிடுச்சு ஃபாதர். ஐயா கோவில்ல வந்து சொல்லட்டும். நீங்க அவருக்கு முன்னாடி சொல்லுங்க."

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபாதர் சொன்னார். தனியாக எண்ணச் சொன்னது நான்தான், கேட்டபோது பேசாமல் இருந்ததும் நான்தான் என்று நேராகச் சொல்லி முடித்தார். பிறகு டைல்ஸ் ஐயா மைக் முன்னால் வந்தார், தீப்பட்ட கையில் கட்டோடு. எழுதி எடுத்துவந்த தாளைப் படித்தார். "எதிர்பாராதவிதமாக ஒரு தவறு நேர்ந்துவிட்டது..."

"யாரால நேர்ந்ததுன்னு சொல்லுங்க ஐயா" என்றார் அண்ணி, உட்கார்ந்த இடத்திலிருந்து. மெதுவான குரல்தான். மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்டது.

அவர் தாளை மடித்தார். "என்னாலதான்" என்றார்.

கூத்து அதோடு முடியவில்லை. அண்ணியிடம் பிடித்ததெல்லாம் அவசர நிதிக்குத்தானே போயிருந்தது? அதை அண்ணிக்குத் திருப்பினால் நிதியில் ஓட்டை விழும். ஓட்டையை யார் அடைப்பது என்று பேச்சு வந்ததும், கூட்டம் மொத்தமும் ஒரே பக்கமாகத் திரும்பியதாம். டைல்ஸ் ஐயா அந்தத் தொகையை மறுபடி காசோலையாக எழுதிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, எரிந்துபோனதற்கும் சேர்த்து ரசீது கிடைக்குமா, வரிக்கு உதவுமே என்று கேட்டாராம். "சாம்பலுக்கு ரசீது கிடையாதுங்க ஐயா" என்றாராம் அண்ணி. அடுத்த மாதமே ஐயா உடம்புக்கு முடியவில்லை என்று தலைவர் பதவியை விட்டுவிட்டார். கண்ணாடித் தடுப்பைக் கழற்றினார்கள். பிள்ளைகள் மறுபடி பில் அக்கா என்றார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் சும்மா இருக்கமாட்டாமல், "எனக்கு அப்பவே தெரியும்க்கா" என்றார். "ஆமாமா, நீ கேட்டதுல இருந்தே தெரிஞ்சுது" என்றார் அண்ணி. இவர் ஒரு வாரம் வீட்டில் பூனைபோல நடமாடினார்.

எனக்குத்தான் அந்த மூக்குக்கண்ணாடி மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் துணி மடிக்கும்போது கேட்டேன்.

"அண்ணி, அந்தக் கவர் அதுக்குள்ளதான் இருக்குன்னு உங்களுக்கு எப்ப தெரியும்?"

"அந்த ஆளு 'பின்வாசல் உண்டியல்'னு சொன்னாரே, அந்த நிமிஷமே." ஒரு சட்டையை உதறி மடித்தார். "பெட்டி மாறினதைப் பாத்து மறுபடி மாத்தி மாட்டினதே நான்தான். அந்த ஞாயிறு எண்ணறதுக்கு உண்டியலைத் திறந்தா காசுக்குப் பதிலா பிள்ளைங்களோட சீட்டா இருந்துச்சு. படிக்காம எடுத்து அவங்க பெட்டியிலயே போட்டுட்டேன்."

"அப்ப அன்னிக்கே சொல்லியிருக்கலாமே! திருகாணிய கழட்டினா முடிஞ்சுது. எத்தனை மாசம், எத்தனை பேச்சு..."

"சொல்லியிருந்தா காசு கிடைச்சிருக்கும். அவ்வளவுதான்." குரல் இறங்கியது. "'அட, இங்கதான் இருந்துச்சா'ன்னு சிரிச்சிட்டுப் போயிருப்பாரு. எல்லாரும் கூடச் சிரிச்சிருப்பாங்க. நானும் சிரிக்கணும். பிள்ளைங்களுக்கு ஒரு காசு குறையக்கூடாது, அது என் சம்பளத்துல இருந்து போய்ச் சேந்துடுச்சு. எரிஞ்சது அவரு காசு மட்டும்தான். அதுவும் அவரு கையாலேயே."

கீழே கிடந்த ஒரு நாணயத்தைக்கூட எடுத்து யாருடையது என்று நாலு பேரைக் கேட்கிற மனுஷி. ஒரு பிள்ளையின் பருவக் கட்டணம் எரிவதைப் பார்த்துக்கொண்டு கண்ணாடி துடைத்தார் என்றால், அந்தக் கூட்டத்தில் அவர் நெஞ்சில் என்ன இறங்கியிருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

அதற்குப் பிறகுதான் இன்னொன்றைக் கவனித்தேன். அந்த நெருப்புக்குப் பிறகு அண்ணி பூசையில் நன்மை, அதாவது அர்ச்சித்த அப்பம், வாங்கப் போவதில்லை. பூசைக்கு வருகிறார், ஜெபம் சொல்கிறார், பாடுகிறார். நன்மை கொடுக்கும் நேரம் வந்தால் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுகிறார். ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் நன்மை வாங்கியவர். மனதில் பெரிய பாவம் இருந்தால், அதை ஃபாதரிடம் சொல்லி மன்னிப்புப் பெறாமல் நன்மை வாங்கக் கூடாது என்பது எங்கள் சட்டம். போன வாரம் வரிசை நகர ஆரம்பித்ததும் அவர் காதில் குசுகுசுத்தேன்.

"ஃபாதர்கிட்ட ஒரு பாவசங்கீர்த்தனம் பண்ணிடுங்களேன் அண்ணி. ரெண்டு நிமிஷ வேலை."

"பண்ணலாம். ஆனா செஞ்சதுக்கு மனசு வருந்தறேன்னு சொல்லணுமே." பீடத்தைப் பார்த்தபடியே சொன்னார். "வருத்தம் வரல. வராததை வந்ததா எழுதி எனக்குப் பழக்கமில்ல."

சொல்லிவிட்டு, எனக்கு வழிவிட முழங்காலை ஒதுக்கிக்கொண்டார். நான் அவரைத் தாண்டி வரிசைக்குப் போனேன்.